ஆலை வாசலில் நின்ற பலகை

கையுறை மாட்டினால் எனக்கு விரல் இடுக்கெல்லாம் அரிக்கும். இருந்தும் பத்தொன்பது வருடங்களில் ஒரு பலகையைக்கூட வெறுங்கையால் தொட்டதில்லை. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பிளாஸ்டிக். கதிர்வீச்சு பட்டால் உள்ளுக்குள் மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கை ஓரத்தில் இருக்கும் கருவி கண்டுபிடித்து மணி அடிக்கும். பலகையை வார்ப்பதும் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் என் வேலை.

வார்த்த பலகை அடுப்புக்குள்ளேயே ஆறு நாள் ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பிறகு விரிசல் விடும் என்பது எங்கள் கணக்கு. என் தங்கையின் கணவர் எங்கள் பிரிவுக்கு மேலாளராக வந்தார். வந்த வேகத்தில் மூன்றாம் நாளே திறக்கச் சொன்னார். கூடாது என்றேன். பட்டறையே பார்த்துக்கொண்டு நிற்க, அவர் சொன்னார்:

"என்ன மச்சான், பிள்ளத்தாச்சிய காவல் காக்குற மாதிரி நிக்கிறீங்க? பிளாஸ்டிக்தானே, பிரசவமா பாக்கப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, இன்றைக்கும் எரிகிறது.

திறந்தேன். பலகைகள் நன்றாகவே வந்திருந்தன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விரிசல் விடும் விடும் என்று ஒரு வாரம் பார்த்தேன், விடவில்லை. ஆகவே ஒரு பலகையை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் நானே துடைத்தேன். அப்படிச் செய்யாதே என்பதுதான் பட்டறைக்குப் புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் சொல்வது. உடனே ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் மயிரிழை விரிசல்கள் படரும், மினுக்கு ஓரம்வரை போய்ச் சேராது. மேலே அலுமினியத் தாளும் கறுப்பு உறையும் சுற்றிவிட்டால் யார் பார்க்க முடியும்? பரிசோதனையில் தேறியது. குப்பை இரும்போடு கதிர்வீசும் பொருள் எதுவும் உள்ளே போய்விடாமல் இருக்க, பழைய இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் வாசலில் பொருத்தினார்கள்.

நாலாவது மாதம் பராமரிப்புக்கு என்னையே அனுப்பினார்கள். சோதனைக்கென்றே வைத்திருக்கும், லேசாகக் கதிர்வீசும் சிறு வில்லையை இரண்டடி தள்ளிப் பிடித்தேன். மணி அடிக்கவில்லை. பலகையோடு ஒட்டிப் பிடித்தேன், அடித்தது. வாசல் காவலாளி குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"நல்லா வேல செய்யுதாண்ணே? இத நம்பித்தான் எல்லாரும் உள்ள நிக்கிறோம்."

"கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, 'சரியாக உள்ளது' என்று எழுதினேன். பழுது என்று எழுதினால் பலகையை மாற்றிவிட்டு மறந்துவிடுவார்கள். மேலாளர் தலை உருள வேண்டுமென்றால் பெரிதாக ஏதாவது நடந்தாக வேண்டும்.

நடந்தது. ஏதோ மருத்துவக் கருவிக்குள் இருந்த கதிர்வீச்சு உருளை ஒன்று குப்பை இரும்போடு வாசலைத் தாண்டி உள்ளே போனது. இரும்பு வெட்டுபவர் ஒருவர், மினுமினுவென்று இருக்கிறதே என்று அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். சில வாரங்களிலேயே அவர் செத்துப் போனார், மனைவி போனார், பால் குடிக்கிற குழந்தையும் போனது. விசாரணையில் மேலாளர் தேம்பித் தேம்பி அழுதாராம். சீக்கிரம் திறக்கச் சொன்னது நான்தான் என்று தானே ஒப்புக்கொண்டாராம். தங்கை என் வீட்டுக்கு வந்து அழுதாள். ஆறுதல் சொல்லி அனுப்பினேன். எல்லாம் நான் நினைத்தபடிதான் முடிந்தது.

பிறகு ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். 'வார்ப்புக் குறைபாடு' என்று போட்டிருக்கிறீர்கள். யாருடைய வார்ப்பு அது? மூன்று பேரைக் கொன்றது நான் என்று எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வார்ப்பு சரியில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.