தண்ணீர்க் கட்டணத்தின் ஒற்றை வரி

எனக்கு வளவளவென்று எழுதிப் பழக்கமில்லை ஐயா. மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்தால்கூட, "இதென்ன, தந்தியா?" என்று மனைவி கேட்பாள். நீதிபதிக்கு எழுதும் கடிதம் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

குடிநீர் வாரியத்தின் கட்டணப் புரோகிராமை எழுதியவன் நான். தண்ணீருக்குப் படிப்படியாக ஏறும் விலை. முதல் இருபது யூனிட்டுக்கு நாலு, அடுத்த இருபதுக்கு ஏழு, அதற்கு மேல் பன்னிரண்டு. மற்றவர்கள் இதை 'இப்படியானால் இது, அப்படியானால் அது' என்று அறுபது வரிக்கு இழுப்பார்கள். என் கணினி மொழி எண்களின் வரிசையையே ஓர் எண்போல நடத்தும் மொழி. செலவான யூனிட்டிலிருந்து 0, 20, 40 மூன்றையும் ஒரே மூச்சில் கழி. பூஜ்யத்துக்குக் கீழே போனதைப் பூஜ்யமாக்கு. விலை ஏறும் அளவுகளான 4, 3, 5 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டு. அவ்வளவுதான். மூன்று லட்சம் வீடுகளுக்கும் ஒரே வரி.

ஒருவராவது பார்த்து "அடடே" என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடம் யாரும் சொல்லவில்லை. இயக்குநர் மட்டும், எழுதியது யார் என்றுகூடக் கேட்காமல், "என்னப்பா இது, கோழி கிண்டுன மாதிரி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கே எது இருந்தால் என்ன? ஐந்தை ஆறாக்கினேன். மேல்படியில் இருந்த வீடுகள் யூனிட்டுக்குப் பதின்மூன்று கட்டின. கூடுதலாக வந்ததை, பதிவேட்டில் நானே உண்டாக்கிய இல்லாத ஒரு வீட்டின் முன்பணமாகத் திருப்பிவிட்டேன். அவ்வப்போது எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்கு மாடி எழுந்தது அதில்தான், மறைக்கவில்லை. ஆனால் பணத்துக்காகச் செய்தேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலு வருடம் அந்த ஆறு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

கண்டுபிடித்தவர் பக்கத்து மேசை அம்மாள். ஒரு வரி எழுதினால் மூன்று வரி விளக்கமும் எழுதுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு உரைக்காரம்மா என்று பெயர். ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அண்ணே, பன்னெண்டுல ஏழு போனா அஞ்சுதானே? இங்க ஆறு இருக்கு. கை தவறிப் பட்டிருக்கும். நான் யார்கிட்டயும் சொல்லல, நீங்களே திருத்திடுங்க."

"பாக்குறேன்மா" என்றேன்.

நல்ல மனுஷி, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அன்று சாயங்காலத்துக்குள், புரோகிராமை எழுதியவர் என்ற இடத்திலும் பழைய பதிவுகளிலும் அவர் பெயரைப் போட்டேன். மிச்சமிருந்த முன்பணத்தை அவர் வீட்டு இணைப்புக்கு நகர்த்தினேன். மறுநாள் இயக்குநரிடம் போய், ஒரு மோசடியைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னேன். அத்தனை வருடத்தில் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியது அன்றுதான்.

உரைக்காரம்மாவுக்கு ஏழு வருடம் சிறை கிடைத்தது. மூன்று ஓடிவிட்டது. அவர் மகள் எங்கள் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். "மாமா" என்று சிரிப்பாள், நானும் சிரிப்பேன். ஒரு நாள்கூட எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. மூன்று லட்சம் வீட்டுக்குப் பன்னிரண்டு வருடம் பிசகாமல் கணக்குப் போட்டவனை உறுத்த என்ன இருக்கிறது?

போன வாரம் மேல்முறையீட்டில் உங்கள் தீர்ப்பு வந்தது. தண்டனை உறுதி என்பதோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாம். பதினான்காம் பக்கத்தில், 'அறுபது வரி வேலையை ஒரே வரியில் அடக்கிய இந்தப் பெண்ணின் அறிவு அபூர்வமானது' என்று எழுதிவிட்டீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவருக்கு அப்படி எழுதவே வராது ஐயா. அவர் எழுதியிருந்தால் அறுபது வரி ஆகியிருக்கும், கூடவே நூற்றெண்பது வரி விளக்கம். ஐந்தை ஆறாக்கியது நான். பெயரை மாற்றியது நான். பணத்தை அவர் கணக்கில் போட்டதும் நான்தான். ஆள் அனுப்புங்கள், வருகிறேன். அவரை விடுவதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம். பதினான்காம் பக்கத்தை மட்டும் திருத்திவிடுங்கள்.