சின்னக் கூடும் பெரிய பழியும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் ராமாரு அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, பட்டு நூற்றுத் தேய்ந்த விரல்களோடு வந்திருக்கும் தாய்மார்களே, நின்றபடியே கேட்கும் தம்பி தங்கையரே! உங்கள் முன் பேச எனக்கு வயதில்லை. மேடையில் நிற்கப் பழக்கமில்லை. பொறுத்தருளுங்கள். ஆனால் இன்று நான் வாய் மூடியிருந்தால், அதைப் பொறுத்தருள யாராலும் முடியாது.

நம் மடகாஸ்கரைத் தவிர வேறெந்த மண்ணிலும் பிறக்காத பட்டுப்பூச்சி லாந்திபே. நம் முன்னோரின் எலும்பை வெளியே எடுத்துக் கொண்டாடியபின், அதன் பட்டுத்துணியைப் போர்த்தாமல் என்றாவது கல்லறைக்குள் திருப்பி வைத்தோமா? அதன் கூட்டுப்புழுவை வறுக்காமல் அறுவடைச் சோறு உண்டோமா? அந்தப் பூச்சி ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, இன்று அது வாழும் நம் தாப்பியா மரக்காடே வெறிச்சோடிக் கிடக்கிறது. யார் காரணம்?

சுவாசாரா காரணம் என்றீர்கள்! கணவனை இழந்தவள், கேட்பாரற்றவள்; அவளே கூடுகளைத் திருடினாள் என்று காட்டில் கால் வைக்கத் தடை போட்டீர்கள். வெறுங்காடு எதற்கு என்று, நாளைக் காலை கரி சுடுகிறவருக்கு மரம் வெட்டக் கையெழுத்தும் போடப் போகிறீர்கள்!

நம் வழக்கம் என்ன? "சின்னதெல்லாம் குஞ்சு, வளரட்டும் விடு. பெருசா பாத்துப் பறி." நானும் அப்படித்தான் பறித்தேன். கட்டி முடித்த கூடு வளருமா, ஐயா? இந்தப் பருவத்தில், அப்படி விட்டுவைத்த சின்னக் கூடுகளில் இருபதை எடுத்துக் கூடையில் மூடிவைத்தேன். இருபது பூச்சிகள் வந்தன. இருபதுக்கும் இறகு போல் விரிந்த மீசை! எட்டிப் பார்த்த சுவாசாரா அக்கா சிரித்துவிட்டாள்: "ஏண்டி, இருபதும் மாப்பிள்ளையா இருக்கு! பொண்ணு எங்கடி?"

பெண் எங்கே? பெரிய கூடுகள் மூன்றைத் தேடி எடுத்து வைத்தேன். மூன்றும் பெண், மூன்றும் முட்டையிட்டன. மற்ற பெண்கள் எங்கே? பறித்தோம், வறுத்தோம், தின்றோம்! ஊரே தின்றுவிட்டு ஒருத்தியைக் கள்ளி என்றோம்!

பின்னால் யார் அது? "படிச்ச புள்ள பூச்சிய வச்சு வெளையாடுது" என்றா சொல்கிறீர்கள், அண்ணா? ஆம், விளையாடினேன். விளையாடாத நீங்கள் ஒரு பெண்ணின் பெயரையல்லவா கெடுத்தீர்கள்!

கையெழுத்து வேண்டாம். பெரிய கூடு எதையும் இரண்டு பருவத்துக்குத் தொட வேண்டாம். அக்காவின் தடையை இங்கேயே நீக்குங்கள். ஊரறியப் பழித்தீர்கள், ஊரறிய மன்னிப்புக் கேளுங்கள்.

"நாளைக்குப் பேசிக்கலாம்மா, உக்காரு" என்கிறார் தலைவர். நாளைக்குக் கோடாரி வந்துவிடும், ஐயா! அதற்குப் பிறகு யாரிடம் பேசுவது? அடிமரத்திடமா?

நான் உட்காருகிறேன். ஆனால் எனக்குத் தந்த நேரம் இன்னும் முடியவில்லை. அதை யாருக்குக் கொடுப்பது என்பது என் உரிமை. இதுவரை கேட்டதற்கு நன்றி, இனிமேலும் கேட்கப் போவதற்கு என் வணக்கம். சுவாசாரா அக்கா, அந்த வேலியோரத்தில் நின்றது போதும். மேலே வா. இந்த ஒலிவாங்கியைப் பிடி.