இறக்கைக்குள்ளிருந்து மூணு தட்டு

மேவிஸ்: ஓரெஸ்ட்! கையை இழு, டிரில் போடறேன்!

ஓரெஸ்ட்: இழுத்தாச்சு, போடு... இறக்கைக்குள்ள கும்மிருட்டு.

மேவிஸ்: சீக்கிரம்ப்பா. காஸ் வெட்டுக்காரங்க விமானத்தோட மூக்கை அறுத்து முடிச்சுட்டாங்க. அடுத்தது நம்ம இறக்கைதான்.

ஓரெஸ்ட்: நாம அடிச்ச ரிவெட் ஆணியை நாமளே பிடுங்கணும்னு கூப்பிட்டாங்க பாரு... கனடாவிலேயே நமக்குத்தான் அந்த பாக்கியம்.

மேவிஸ்: முதல்முதலா இதை வெளியே இழுத்துட்டு வந்தப்போ மால்ட்டன் ஊரே திரண்டு நின்னு கை தட்டிச்சே...

ஓரெஸ்ட்: நீ அழுதே.

மேவிஸ்: வெயில் கண்ணுல பட்டுது.

ஓரெஸ்ட்: ஓஹோ, வெயில்! சத்தத்தைவிட வேகமா பறந்துச்சு. "விமானத் திட்டம் ரத்து, எல்லாரும் வீட்டுக்குப் போங்க"ன்னு ஒலிபெருக்கியில வந்துச்சே... அது இன்னும் வேகம்.

மேவிஸ்: இனிமே ராக்கெட் காலமாம். போர் விமானம் எதுக்குன்னு ஒட்டாவாவில அரசாங்கமே கேட்டுடுச்சு.

ஓரெஸ்ட்: உனக்கென்ன? கலிபோர்னியாவில வேலை. ஞாயித்துக்கிழமை ரயில். பனி வார வேண்டாம்.

மேவிஸ்: நீ என்ன பண்ணுவே?

ஓரெஸ்ட்: டிராக்டர் தொழிற்சாலைக்குப் போறேன். அது பறக்காது, ரத்தாகாது.

மேவிஸ்: நான் போறதுல உனக்கு... ஒண்ணும் இல்லையே?

ஓரெஸ்ட்: எனக்கென்ன? நிம்மதி. உன் டிரில்லைக்கூடப் பொறுத்துக்கலாம், உன் வாய் இருக்கே...

மேவிஸ்: கொழுப்பு! நான் வெளியே, நீ உள்ளே, நடுவுல தகடு. இத்தனை நாள்ல நீ வாயால பேசினதைவிடத் தட்டிப் பேசினதுதான் ஜாஸ்தி.

ஓரெஸ்ட்: ரெண்டு தட்டுன்னா ரிவெட் சரி, அடுத்ததுக்குப் போ. மூணு தட்டுன்னா தப்பு, பிடுங்கு.

மேவிஸ்: அதுல மட்டும் நீ பொய் சொன்னதே இல்லை.

ஓரெஸ்ட்: அதுல பொய் சொன்னா ஓட்டறவன் செத்துடுவான், மேவிஸ்.

மேவிஸ்: அப்போ வாயை மூடு. ஒண்ணு கேக்கறேன், தட்டிச் சொல்லு. நான் கலிபோர்னியா போறது...?

ஓரெஸ்ட்: விளையாடற நேரமா இது? வெட்டுக்காரங்க வந்துடப் போறாங்க.

மேவிஸ்: வந்தா நிக்கட்டும். தட்டு.

ஓரெஸ்ட்: டொக்... டொக்...

மேவிஸ்: ம்... சரி. அவ்வளவுதான். வெளியே வா.

ஓரெஸ்ட்: ...

மேவிஸ்: வாப்பா, குளிருது.

ஓரெஸ்ட்: டொக்.

மேவிஸ்: அடப்பாவி மனுஷா! இந்த ஒரு தட்டுக்கு இவ்வளவு நேரமா? ரயில் டிக்கெட்டை நான் நேத்தே திருப்பிக் குடுத்துட்டேன்.