கண்ணுக்குத் தெரிந்த மாத்திரை

எங்கள் வீட்டில் தரையிலேயே சோறு போட்டுச் சாப்பிடலாம் சார், அவ்வளவு சுத்தம். தம்பி வந்த பிறகும் அதில் குறை வைக்கவில்லை.

அவன் தையல்காரன். எச்ஐவி. அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. ஊசி குத்தி ரத்தம் துணியில் பட்டுவிடும் என்று கடைக்காரர் அவனை நிறுத்திவிட்டார். நான்தான் கூட்டிவந்து பின்னறையைக் கொடுத்தேன். தனித் தட்டு, தனி டம்ளர், தனி வாளி. டம்ளரைக் கொதிநீரில் போடுவதைப் பார்த்து, "அக்கா, அதுக்குக் கொப்புளம் வந்துடப்போகுது" என்பான். எச்சிலில் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். அவருக்கென்ன, அவர் வீட்டிலா கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள்?

ஆள் நன்றாகத்தான் இருந்தான். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எல்லோரையும் போல வாழலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கன்னத்தில் சதை பிடித்து, தையல் மிஷினில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோய் யார் கண்ணுக்கும் தெரியாது, மாத்திரைதான் தெரியும்.

மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பாட்டிலை நானே வைத்துக்கொண்டு வேளாவேளைக்குத் தருகிறேன் என்றேன். "சரிக்கா, எனக்கும் ஞாபகம் வச்சுக்கிற வேலை மிச்சம்" என்றான். அவர்கள் வந்த அன்று பதற்றத்தில் எல்லாவற்றையும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டேன். அவனுக்குச் சத்து மாத்திரை கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு எதற்கு வீண் வம்பு என்று அதையே தொடர்ந்தேன்.

சில மாதம் கழித்து ரத்தம் பார்த்த டாக்டர் அவனைத் திட்டினார். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று அவன் சத்தியம் செய்தான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாத்திரைய யாரும்மா எடுத்துக் குடுக்கிறது?"

"நான்தான் டாக்டர். ஒரு வேளைகூடத் தவறினதில்ல."

அது பொய்யில்லை. அவர் மருந்தை மாற்றினார். புது மாத்திரை இளஞ்சிவப்பு. அதே நிறத்தில் சத்து மாத்திரை தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு இருமல் வந்தது, உடம்பு உருகியது. கேட்டவர்களிடம் சர்க்கரை என்றேன். மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மணப்பெண்ணின் ரவிக்கையை அவன்தான் தைத்தான். அன்று முழுக்கப் பின்னறையிலேயே இருந்தான், நான் சொன்னால் கேட்பான். எனக்கு அவன் மேல் அவ்வளவு பாசம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என் மகள் அலமாரியைத் திறந்து, இருந்ததை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். மாமா என்றால் அவளுக்கு உயிர். அவன் போன பிறகு உங்களிடம் வந்ததும் அவள்தானே. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆமாம் சார், தெரிந்தேதான் செய்தேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவனுக்கு என்ன நோய் என்பதை மட்டும் எழுத வேண்டாம். சம்பந்தி வீட்டார் கௌரவமானவர்கள், கேள்விப்பட்டால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?