நொடிக்கு ரெண்டாயிரம் தடவை

இல்லீங்க மேடம், கேளுங்க, நான் கருப்புக் கொட்டையப் பொறுக்கிக்கிட்டே சொல்றேன். இந்த மொறத்துல கெடக்கற காப்பிக்கொட்டை பூராவும் சாயந்தரத்துக்குள்ள எஸ்டேட்டுக்குப் போகணும். பொறுக்கற மிஷினு படுத்துக்கிச்சில்லீங்களா, மறுக்கா எங்க வெரலத் தேடி வந்துட்டாங்க.

ஆமாங்க, மிஷின ஓட்டிக் காட்டின அன்னிக்குக் காலையில பிளக்கு பத்தவெச்சது நான்தான். அத விசாரிக்கத்தான் சேலத்துல இருந்து வந்திருக்கீங்கன்னு மாமி சொன்னாங்க. லென்சு வெச்சே பாருங்க, ஈயம் கண்ணாடியாட்டம் மின்னும்.

நான் ஆளுங்க முன்னாடி பேசறவ இல்லீங்க. எட்டாவதோட நின்னவ. அந்த மிஷினு செய்யற கம்பெனியில நாலு வருசம் குனிஞ்ச தல நிமுராம போர்டுல ஈயம் பத்தவெச்சேன். மிஷினு என்னன்னா, மேல ஒரு கண்ணு கருப்புக் கொட்டையப் பாத்துச் சொல்லும், கீழ ஒரு கொழாயி காத்த ஊதித் தள்ளும். நடுவுல ரெண்டு ஆள் ஒசரத்துக்கு வயரு. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. பழைய சிப்பு கெடைக்கலீன்னு எங்க இன்ஜினியரு வேலுசாமி சாரு புதுசு வாங்கிப் போட்டாருங்க. அன்னியில இருந்து ஒரு கருப்ப ரெண்டா எண்ணும். பக்கத்துல நிக்கற நல்ல கொட்டையும் சேந்து பறக்கும்.

இந்த அமீனா பத்தவெச்சது சரியில்லைன்னாரு. மூணு தடவ பிரிச்சுப் பத்தவெச்சேன். மேசையில சாண் வயருல வெச்சா ஒழுங்கா எண்ணுதுங்க. மிஷினுல நீள வயரு மாட்டினா ரெண்டாகுது. பழைய சிப்ப அந்த நீள வயரு ஒண்ணும் பண்ணல. அப்ப எங்கைல என்னங்க தப்பு? அதத்தான் மெதுவாச் சொன்னேன். அதுக்கு அவரு, நொடிக்கு ரெண்டாயிரம் தடவதான் துடிக்குது, இது மெதுவான சிக்னலு, வயரு எத்தனை நீளமிருந்தா என்னன்னாரு. வவுத்துல புள்ளைய வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கும்மா சிக்னல் வேகம், போயி மாங்கா தின்னுன்னாரு. ஒம்போது புள்ளைங்க சிரிச்சாங்க. தேவகுமாரி, என் பக்கத்துச் சீட்டு, அவளும் சிரிச்சா.

ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. எங்கம்மா ஊடு வாழவந்தி. எதுத்தாப்புல பாறை. இழுத்து ஓஓஓன்னு கூப்பிட்டா, திரும்பி வர்ற சத்தம் நம்ம கொரலோடயே கலந்துரும். வெடுக்குன்னு ஒரு கை தட்டினா தனியா வந்து விழும். ஒரு நாளைக்கு ஒரே ஒருக்கா தட்டினாலும் விழும். பாறை கிட்டக்க இருந்தா அதுவும் தெரியாது. அப்ப எத்தன தடவ தட்டறோம்கறதா கணக்கு? எவ்வளவு வெடுக்குன்னு தட்டறோம், பாறை எவ்வளவு தூரம், இதானுங்களே. புதுச் சிப்பு வெடுக்குன்னு ஏறுது. வயரு முனையில முட்டித் திரும்புது. அந்த எதிரொலிய மிஷினு இன்னொரு கருப்புன்னு எண்ணிக்குது.

தலையாட்டறீங்க. அன்னிக்கு ஒருத்தரும் ஆட்டலீங்க.

கொஞ்சம் மழுக்கிவிட்டா அடங்கும்னு தோணுச்சு. அரிசியாட்டம் ஒரு ரெசிஸ்டரு, வயரு பொறப்படற எடத்துல, போர்டுக்கு அடியில வெச்சேன். நாலஞ்சு மாத்திப் பாத்ததுல ஒண்ணு பொருந்துச்சு. மத்தியானமே ஒண்ண ஒண்ணாத்தான் எண்ணுச்சு. யாருகிட்டயும் சொல்லல, வாயி வரல. அவரு மொதலாளிகிட்டப் போயி, அமீனாவ எடுத்துட்டு வேற கைய வெச்சேன், சரியாப்போச்சுன்னாரு. ஏழாம் மாசத்துல என்னைய ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒண்டிக்கடை முக்குல எங்க ஊட்டுக்காரரு கடைக்கு வர்றவங்க வரைக்கும் அதே பேச்சு. பொறவு ஒரு எடத்துலயும் என்னைய வேலைக்குக் கூப்புடல.

வருசம் ஆச்சு. வியாபாரிங்களக் கூப்ட்டு மிஷின ஓட்டிக் காட்டற அன்னிக்குப் பாத்து பிளக்கு பிடுங்கிக்கிச்சாம். அத்தன நுணுக்கமாப் பத்தவெக்க மலையில வேற ஆளில்ல. வேலுசாமி சாரு தேவகுமாரிய அனுப்புனாரு. பாப்பாவ இடுப்புல வெச்சுக்கிட்டே போனேன். பழச மனசுல வெக்காதம்மான்னாரு. வெக்கலீங்க சார்ன்னேன்.

பிளக்க நல்லாத்தான் பத்தவெச்சேன். போர்ட மூடறப்ப, நான் வெச்ச அந்த ரெசிஸ்டர நானே எடுத்துக்கிட்டேங்க. அந்த எடத்துல வயருத் துண்டு ஒண்ணு போட்டு, அவரு எப்படிக் குடுத்தாரோ அப்படியே மூடினேன். அவரு போட்ட சிப்பு, அவரு போட்ட வயரு, அவரு சொன்ன மெதுவான சிக்னலு. நான் எதையும் கெடுக்கலீங்க. நல்ல கொட்டையெல்லாம் வியாபாரிங்க வேட்டியில பறந்துச்சுன்னு தேவகுமாரி வந்து சொன்னா. அன்னிக்குத்தான் வவுறு நெறையச் சோறு தின்னேன்.

எழுதிக்குங்க மேடம், மறைக்க வேண்டாம். அந்த ஒம்போது பேரு முன்னாடி, அமீனா, இது வேகமான சிக்னலுதான்னு அவரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பறம் நானே வந்து, தா வர்றேன் மாமி, பாப்பா எந்திரிச்சுட்டாளா, மேடம் இந்த மொறத்தக் கொஞ்சம் புடிங்க, முந்தான முடிச்சு அவுந்துருச்சு, அதுக்குள்ளதான் அந்த அரிசியாட்டம்