உள்பக்கத் தாழ்ப்பாள்

ஆவடியில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த தம்பதியில் மனைவிக்குத்தான் மொட்டை. தலையில் சந்தனம் பூசியிருந்தாள். கணவர் எண்ணெய் தடவி, வகிடெடுத்து வாரியிருந்தார். அம்பத்தூரில் ஏறிய, அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, வேன் வாங்கினா திருப்பதில மொட்டை போடறேன்னு வேண்டிக்கினது நீ. அண்ணிக்கு ஏன் மொட்டை?”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நல்லா கேளு தம்பி,” என்றாள் அவள். “மிலிட்டரி ஏலத்துல எடுத்த வேனு. லீவு நாளெல்லாம் அதுலயே கெடந்தாரு. படுக்கப் பலகை, ஸ்டவ் வெக்கத் தட்டு, என் பொடவையைக் கிழிச்சுத் திரை, எல்லாம் ஜோராத்தான் கீது. கதவுக்குத் தாழ்ப்பா மட்டும் உள்பக்கமா போட்டுட்டாரு. வெளிய பூட்ட வழியில்ல.”

“அதுக்கு?”

“மலைக்குப் போயும் வேனை உட்டு எறங்கல. சாமான் திருடு பூடுமாம். வேண்டுதலை அப்டியே உட முடியுமா? நான் போய்க் குடுத்துட்டு வந்தேன்.”

“இப்ப சரி பண்ணிட்டேம்ப்பா,” என்றார் கணவர். “நேத்துதான் அதைக் கழட்டி வெளிப்பக்கமா போட்டேன். அடுத்து பழனி.”

“அப்ப ராத்திரி உள்ள படுத்தா, தாழ்ப்பா?”

கணவர் காற்றிலேயே ஒரு தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தார்.

“வெளிய நின்னு தாழ்ப்பா போட ஒரு ஆள் வேணும், அவ்ளோதான?” என்றாள் அவள், முந்தானையைத் தலைக்கு இழுத்தபடி. “இவரு கீறாரே.”