பாதியாகக் கிழித்த வலிப் பட்டை

தலைமை வகிக்கும் சங்கத் தலைவர் அவர்களே, கடலுக்கு அக்கரையில் உள்ள அண்டை நாட்டுச் சசெபோ துறைமுகத்திலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் அட்மிரல் உசுகி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கேப்டனின் துணைவியார், அண்ணி மின் ஓக்-ரான் அவர்களே, பூசான் துறைமுக நண்பர்களே, நாற்காலி போட்டும் உட்காராமல் சுவரோரம் நிற்கும் கணவாய் மீன் படகுக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மறைந்த கேப்டன் பியன் டே-ஷிக் அவர்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. கூட்டத்தில் யாராவது "இரு நாட்டு நட்பு" என்று ஆரம்பித்தாலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுவார். "நட்பாம், நட்பு! பக்கத்து வீட்டுக்காரன் நம்பர் என்கிட்ட இருக்கணும், என் நம்பர் அவன்கிட்ட இருக்கணும். தீப்பிடிச்சா கூப்பிடணும்ல, அதுக்குத்தான்" என்பார்.

அந்த இடுப்பு வலியைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. கப்பல் தளத்தில் நின்றே தேய்ந்த இடுப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒட்டும் வலிப் பட்டை இருக்கும். அவர் வரும் முன்பே கற்பூர வாசனை வந்துவிடும். "கேப்டன் வர்றார், ஜன்னலைத் திறங்கய்யா" என்று கேலி செய்வோம்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பிப்ரவரி. கடலில் ஆபத்து என்றால் இரு நாட்டுக் கப்பல்களும் எல்லை பார்க்காமல் சேர்ந்து தேடலாம் என்று ஓர் ஒப்பந்தம். கையெழுத்திட இதே ஊரில் கூடினோம். மேசையில் இரண்டு வரைபடங்கள். ஒன்று நாம் அச்சிட்டது, ஒன்று அவர்கள் அச்சிட்டது. கடல் ஒன்றுதான்; பெயர் இரண்டு! அவர்கள் பெயர் இருக்கும் தாளில் நாம் கையெழுத்திடுவதா? நம் பெயர் இருக்கும் தாளில் அவர்கள் கையெழுத்திடுவதா? ஒன்றரை நாள் இதிலேயே போனது. நான் அப்போது அவருக்குக் கீழே இருந்த அதிகாரி. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை நாளும் ஒரே குறிப்புதான்.

மூன்றாம் நாள் காலை பத்தே முக்காலுக்குத் தகவல் வந்தது. ஒன்பது பேர் போன நம் கணவாய் படகு ஒன்று எல்லைக்கோட்டருகே கவிழ்ந்துவிட்டது. காற்று அவர்களை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. கிட்டத்தில் இருந்தது நம் கப்பல். கையெழுத்தில்லாமல் கோட்டைத் தாண்ட முடியாது. அந்தக் குளிர் நீரில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டுமா?

கேப்டன் எழுந்தார். பையிலிருந்து ஒரு வலிப் பட்டையை எடுத்தார். நடுவே கிழித்தார். நம் வரைபடத்தில் கடலின் பெயர் மேல் ஒரு பாதியை ஒட்டினார்.

"என்ன பண்றீங்க, கேப்டன்?" என்று கத்தியது நான்தான்.

"வலிக்கிற இடத்துலதானே ஒட்டணும்?" என்றார்.

எதிரே உசுகி அவர்கள் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். "எங்க பக்கமும் வலிக்குது. மிச்சத்தைக் குடுங்க."

பதினோரு மணிக்குக் கையெழுத்து முடிந்தது. ஏழு பேர் பிழைத்தார்கள். இரண்டு பேரை எடுக்க முடியவில்லை. அந்த ஒன்றரை நாளை மட்டும் கேப்டன் கடைசிவரை மன்னிக்கவே இல்லை.

மறுநாள் மேலிடத்துக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று போனது. நம் கடலுக்கு நாடு வைத்த பெயரை மறைத்தார் என்று அதில் இருந்தது. விசாரணை நடந்தது. அட்மிரல் பதவிக்கான பட்டியலில் இருந்த அவர் பெயர் போனது. கேப்டனாகவே ஓய்வு பெற்றார். யார் எழுதியது என்று இந்தத் துறைமுகமே இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேசுகிறது அல்லவா?

நான்தான் எழுதினேன்.

தயவுசெய்து உட்காருங்கள். இன்னும் முடிக்கவில்லை. பொறாமையால் எழுதவில்லை, சரி என்று நம்பித்தான் எழுதினேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. ஏழு பேர் பிழைத்தார்கள் என்ற ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டேன். பிறகு அட்மிரல் ஆனேன். என் தோளில் இருந்த நட்சத்திரம் அவருக்கு வர வேண்டியது.

அந்த ஒப்பந்தத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். ஒவ்வொரு முறையும் அவரை ஆலோசகராக அழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் வரைபடத்தில் ஒட்டப் பட்டையை என்னிடம் நீட்டுவார். "நீயே ஒட்டு தம்பி. உன் கைதான் கோணாம ஒட்டும்." நானும் ஒட்டினேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, பத்து முறை!

போன வாரம் அண்ணியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அண்ணி பார்லித் தேநீரை ஊற்றியபடியே சொன்னார்கள்: "விசாரணையில அந்தக் கடிதத்தை அவர்கிட்ட காட்டினாங்களே தம்பி. மூணு வருஷம் உங்க குறிப்பைத் திருத்தின மனுஷனுக்கு உங்க எழுத்து தெரியாதா? ‘யாருன்னு சொல்லிடுங்களேன்'னு நான் சண்டை போட்டேன். ‘நல்ல அதிகாரி, ஒரு வரி விட்டுட்டான். அதையும் ஒருநாள் எழுதுவான், விடு'ன்னுட்டார்."

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை இந்த மேடையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

அடுத்த மாதம் சசெபோவில் மீண்டும் கூடுகிறோம். அட்மிரல் உசுகி அவர்களே, பட்டை நான் கொண்டு வருகிறேன். கிழித்துப் பாதி உங்களுக்குத் தருகிறேன். நமக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் அதை ஒட்டச் சொல்லிக் கொடுப்போம். இது கேப்டனுக்கு நான் தரும் வாக்கு.

இன்று காலை இங்கே வரும் வழியில் மேலிடத்துக்கு ஒரு கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். இந்த முறை கீழே என் பெயர் இருக்கிறது: ஹ்யோன் மான்-சு. முதல் வரி, ‘ஏழு பேர் பிழைத்தார்கள்.' அவர்களில் நான்கு பேர் அதோ, சுவரோரம் நிற்கிறார்கள்.